நூல் குருவாய வரலாறு

குருவின்றி மெய்ப்பொருளை உணர்தல் அரிது என்பது நம் நாட்டுச் சமயங்கள் பலவற்றிற்கும் ஒத்த முடிபாம். அக்குரு உடலோடு எழுந்தருளியிருக்குங்கால் இடர்ப்பாடு இல்லை. ஐயுற்றதனை வினவித் தெளியலாம். அவர் மறைந்தபின் மாணாக்கர் செய்யத்தக்கது யாது? எனக்குப் பாடஞ்சொல்லிய ஆசிரியர் இறைவனடி சேர்ந்த நாள்முதல் இவ்வினா என்னை விட்டு நீங்கிற்றில்லை. அவர் ஓதுவித்த நூல்கள் என்பால் உள. விரிக்குந்தொறும் எழுத்துத் தோன்றும், குரல் தோன்றுவதில்லை. ஆதலின், ஒரு நூலையே குருவாகக் கொண்டு முந்நூறு ஆண்டுகட்கு மேலாக ஒழுகிவரும் சீக்கியர் நெறியை ஆராயத் தலைப்பட்டேன். அவ்வாராய்ச்சியிற் கண்டன சிலவற்றை ஈண்டுக் கூறுவல்.

'சீக்கியர்' என்னும் பெயர் வடமொழிச் 'சிஷ்ய' என்பதனோடு உறவுடையது. நம் 'சீடன்' என்பதும் அவ்வழிவந்ததே. பெயரளவானே அவர் மாணாக்கராதல் காண்க. அவர்தம் முதற்குருவாகிய குருநானக்கர் 1469-ஆம் ஆண்டிற் பிறந்தார். பிறந்த ஊராகிய தல்வண்டி இன்று நான்கானா சாகிப் என்னும் பெயரோடு பாகிஸ்தானத்தில் உளது. இறைவன் ஒருவனே, அவன் பிறப்பிலி, குருவருளாலன்றி அறியப்படான் என்பது அவர் கொள்கை. 'இக் ஓங்கார்' என்னும் குறி இவ்வொருமையை உணர்த்துவது. உயிரை இறைவனினின்றும் பிரிப்பது 'ஹௌமை', அஃதாவது யான் என்னுஞ் செருக்கு. தன் மனத்தின் முகமாய் நடப்பவன் 'மன்முக்'. குருவின் முகமாய் நடப்பவன் 'குர்முக்'. இறைவனாணை 'ஹுகம்' எனப்படும்; அதற்கு இசைந்தொழுகுதலே செருக்கறுதற்கு வழி. அவன் திருப்பெயரை நினைத்தல், நேர்மையான உழைப்பால் உண்ணுதல், உள்ளதைப் பகிர்ந்துகொள்ளுதல் என்னும் மூன்றும் இல்லறத்தார் அனைவர்க்கும் உரிய கடன்கள். துறவு விதிக்கப்பட்டிலது.

இனி, குரு என்பதற்கு அவர் கொண்ட பொருளை நோக்குவாம். குருநானக்கருக்குப் பின் ஒன்பதின்மர் குருமாராயினர். இப்பதின்மரும் உடலால் வேறாயினும் ஒளியால் ஒருவரே என்பது அவர்தம் துணிபு. பாடல் இயற்றிய குருமார் பலரும் தம் பெயரை மொழியாது 'நானக்' என்றே முத்திரை வைத்தனர். இன்னார் பாடியதென்பதை 'மஹலா' என்னும் எண்ணே காட்டும். குருவாவது 'சபத்' என்னும் திருமொழியே, குருமார் அதனைத் தாங்கி வந்தோர் என்பது இதன் உட்கோள். இக்கருத்து முன்னரே வேரூன்றியிருந்தமையின், பின்னர் நூல் குருவானது புதுவதாகப் புகுத்தப்பட்டதன்று என்க.

ஐந்தாங் குருவாகிய அர்ஜன் தேவர் அத்திருமொழிகளைத் தொகுப்பித்தார். ஏடெழுதியவர் பாயி குர்தாஸ். 1604-ஆம் ஆண்டில் அந்நூல் அமிருதசரசின் ஹரிமந்திரத்தில் எழுந்தருளுவிக்கப்பட்டது. அதனை உயர்ந்த கட்டிலில் வைத்துக் குரு தாம் தரையிற் படுத்தார் என அவர்கள் மரபு கூறும். இருந்த குருவே நூலுக்குத் தாழ்ந்து நின்றமை கருதற்பாலது. குருமார் பாடலோடு நெசவாளராகிய கபீரர், தோல்வினைஞராகிய ரவிதாசர், மராட்டிய நாட்டு நாமதேவர், இசுலாமியத் துறவியாகிய சேக் பரீதர் முதலிய அடியார் பாடல்களும் அதன்கண் உள. பிறப்பும் சமயமும் நோக்காது சொல்லே நோக்கப்பட்டது. நூலின் பெரும்பகுதி இராகமுறையால் வகுக்கப்பட்டுள்ளது. இன்றைய அச்சுப் படியில் 1430 பக்கங்கள். அவற்றைப் பக்கம் என்னாது 'அங்கம்', அஃதாவது உறுப்பு, என்றே வழங்குப.

பத்தாங் குருவாகிய கோவிந்த சிங்கர் 1699-ஆம் ஆண்டு வைசாகி நாளில், அனந்தபுரத்தில், கால்சா என்னும் கூட்டத்தை அமைத்தார். முதற்கண் தீக்கை பெற்றோர் ஐவர். அவர்க்குத் தீக்கை செய்த குரு, பின்னர் அவரை வேண்டித் தாமும் அவர்பால் தீக்கை பெற்றார். களையாத முடி, சீப்பு, இரும்புக் காப்பு, அரைக்கச்சை, குறுவாள் என்னும் ஐந்தடையாளமும் தீக்கை பெற்றார்க்கு உரியன. 1708-ஆம் ஆண்டில் கோதாவரிக் கரையிலுள்ள நாந்தேடில், தமக்குப்பின் மானிடக் குரு இல்லை, நூலே குரு என்று நிறுவி அவர் மறைந்தார். அன்று தொட்டு அந்நூல் குரு கிரந்த சாகிப்.

அற்றேல், உருவ வழிபாட்டை ஒவ்வாதார் ஏட்டினை வணங்குதல் முரணன்றோ எனின், அன்று. காலையில் அந்நூலைத் திறந்து எழுந்தருளுவித்தல் 'பிரகாசம்'. இரவில் மூடித் துயிற்றுதல் 'சுகாசனம்'. மேலே விதானமும் பக்கத்தே கவரியும் உண்டு. இவை குருவுக்குச் செய்யும் மதிப்பே. இறைவன் வடிவென்று அதனைக் கொள்வாரல்லர். பழுதடைந்த படிகளை எறியாமல் முறைப்படி எரியூட்டுதலும் இம்மதிப்பின்பாற்படும்.

பிறிதொரு தடையே என்னை வருத்தியது. நூல் வினாவுக்கு விடை தாராதே. வேண்டுமிடத்தை மட்டும் எடுத்துப் படித்துத் தன் மனத்துக்கு ஏற்பப் பொருள்கொள்வாரைத் தடுப்பது யார்? அமிருதசரசு சென்றிருந்தபோது, அருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம் இதனைக் கேட்டேன். "பக்கத்தை யாம் தேர்வதில்லை ஐயா. திறந்தவிடத்து இடப்பக்கத்தின் தலைப்பில் உள்ள பாடலே அன்றைய ஹுகம். அது முந்திய பக்கத்தில் தொடங்கியிருப்பின் அங்கிருந்தே படிப்போம். இனிக்குமாயினும் சுடுமாயினும் அதனையே கேட்போம். விளங்காததைச் சங்கத்தில் உசாவுவோம்" என்றார். குரு கோவிந்தர் நூலை மட்டும் தனித்து விட்டிலர். அதனைக் கேட்டொழுகும் 'பந்த்' என்னும் கூட்டத்தையும் உடன் வைத்தார் என்பது அப்போது எனக்குப் புலனாயிற்று. தேர்ந்தெடுக்கும் உரிமையை விடுதலே ஹௌமை கழலுதற்கு முதற்படி.

கேட்டது செயலாதலை 'லங்கர்' என்னும் பொது அடுக்களையிற் கண்டேன். செல்வரும் வறியரும், எந்நிலத்தாரும் எச்சமயத்தாரும், ஒரே வரிசையில் தரைமேல் அமர்கின்றனர். இரு கைகளையும் ஏந்தினாலன்றி ரொட்டி இடப்படுவதில்லை. பாத்திரம் துலக்குவார் யாரென்று அறிதற்கில்லை. அலுவலரும் வணிகரும் அப்பணியில் இருந்தனர். பந்தியில் அமர்ந்த பின்னரே தம்மைக் காணலாம் என்று மூன்றாங் குரு அமரதாசர் விதித்ததாகவும், அக்பர் அரசரும் அங்ஙனமே அமர்ந்ததாகவும் கூறுப. ஆயினும், குருமொழி கடிந்த சாதிப்பிரிவு பஞ்சாபத்து ஊர்களினின்றும் முற்றும் ஒழிந்ததில்லை என்பதும் மறைத்தற்குரியதன்று. குருவின் ஆணை மாணாக்கர்பால் நிறைவேறாது எஞ்சிநிற்றல் எந்நெறிக்கும் உள்ள குறையே; அக்குறையை நாள்தோறும் நினைவூட்டும் குரல் அவர் நடுவே வாசிக்கப்படுகின்றது.

ஆகலின், ஒரு நூல் குருவாதற்கு மூன்று வேண்டும்: தேர்ந்துகொள்ளாது கேட்டல், ஒருங்குகூடி உசாவுதல், கேட்டதைக் கையாற் செய்தல். இவை மூன்றும் இல்வழி எந்நூலும் பேழையில் உறங்கும். என் ஆசிரியரிடம் ஒருங்கு பயின்ற நண்பர் நால்வர் இப்பொழுது வாரந்தோறும் என் இல்லத்திற் கூடுகின்றனர். அவர் ஓதுவித்த நூலை முதலிலிருந்து, ஓர் அடியும் விடாது, முறையாகப் படித்து வருகின்றோம்.