குறைந்துபோன வாஷர்

மழை விட்டாலும் தூவானம் விடவில்லை என்பார்கள். எங்கள் படகு இயந்திரத்தின் எண்ணெய்க் கசிவும் அவ்வாறே இருந்தது. பேக்கிங்கை மாற்றுவோம்; நான்கு நாள் உலர்ந்திருக்கும்; ஐந்தாம் நாள் மூடியின் விளிம்பில் கரிய ஈரம் அரும்பும்; பத்தாம் நாள் அது சொட்டாகி, இயந்திரத்தின் விலா வழியே இறங்கி, படகின் அடியில் தேங்கும் கடல்நீரோடு கலந்து கிடக்கும். 1986-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் மட்டும் இரண்டு முறை பேக்கிங் மாற்றினோம். மூன்றாம் முறை மாற்றியபோது நேர்ந்ததையே இங்கு எழுதுகிறோம்.

எழுதுவது ஒருவராயினும் 'நாங்கள்' என்றே எழுத வேண்டியிருக்கிறது. படகு சகோதரர் இருவருக்கும் பொது, கடனும் பொது, இதில் வரும் குற்றமும் பொது. வாஷரை நழுவவிட்ட கை எவருடையது என்பதை எங்கள் அன்னையார்கூட இறுதிவரை கேட்டதில்லை.

டீசல் என்பது எண்ணெயின் பெயரென்றே எங்கள் துறையில் பலரும் எண்ணியிருந்தனர். அது ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல் என்ற பொறியாளர் செருமனியின் ஆக்சுபர்க் நகரில் 1897-இல் தம் இயந்திரத்தை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். தீப்பொறி இன்றி, காற்றை அழுத்தி அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயை எரியச் செய்வது அவர் கண்ட வழி. 1913-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில் இரவோடு இரவாக அவர் கடலில் மறைந்தார். கடலோரத்து மக்களாகிய எங்களுக்கு அச்செய்தியைப் படித்தபோது ஏதோ சொந்தக்காரர் ஒருவரை இழந்தாற்போலவே இருந்தது.

இனி மூடிக்கு வருவோம். எங்கள் இயந்திரத்துக்குச் சிலிண்டர் ஆறு. மூன்று சிலிண்டருக்கு ஒன்றாகத் தலைமேல் இரண்டு தகட்டு மூடிகள். பட்டறையில் இதனை 'டாப்பட் கவர்' என்பார்கள். அதனைத் தூக்கினால் உள்ளே வால்வுகளின் சுருள்வில்களும், அவற்றைக் கோழி கொத்துவதுபோல் மாறி மாறி அழுத்தும் ராக்கர்களும், ராக்கரைக் கீழிருந்து உந்தும் புஷ்ராடுகளும் எண்ணெயில் குளித்தபடி நிற்கும். புஷ்ராடு ஒவ்வொன்றும் இறங்கும் துளை நேரே இயந்திரத்தின் வயிற்றுக்குள் செல்கிறது. மூடி திறந்திருக்கும்வரை அத்துளைகளும் வாய் திறந்தே இருக்கும்.

சூலை 26, சனிக்கிழமை. பனிமய அன்னை ஆலயத்தில் கொடியேற்றம். கடலுக்குப் போகவில்லை. கொடியேற்றம் கண்டு, பிற்பகலில் துறைமுகத்துக்குச் சென்று வேலையில் இறங்கினோம். வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சியை அழைக்கவில்லை. திருவிழாச் செலவு தலைக்குமேல் நின்றது. கூலி மிச்சமாகட்டும் என்ற எண்ணம். இரண்டு முறை அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள்தாமே நாங்கள்!

மூச்சுக்குழலின் ரப்பர்க் குழாயை உருவினோம். பின்மூடியின் நான்கு நட்டுகளையும் கழற்றினோம். ஒவ்வொரு நட்டின் கீழும் ஒரு செம்பு வாஷர் உண்டு. மூன்று நட்டோடு வந்தன; நான்காவது மூடியின்மேல் பழைய வண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. பின்பு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டோம். மூடியோ பேக்கிங்கோடு பற்றிக்கொண்டு அசைய மறுத்தது. அண்ணாச்சியாக இருந்தால் மரச்சுத்தியால் நான்கு பக்கமும் மெல்லத் தட்டியிருப்பார். நாங்கள் ஸ்க்ரூட்ரைவரை இடுக்கில் செருகி நெம்பினோம். மூடி துள்ளி எழுந்தது. எங்கோ 'கிண்' என்று மெல்லியதோர் ஓசை கேட்டது. இருவர் காதிலும் விழுந்தது. இருவரும் கேளாதவர்போல் இருந்தோம்.

புதிய தக்கைப் பேக்கிங்கை வைத்து, மூடியைப் பொருத்தி, நட்டுகளைப் போடும்போது வாஷர் மூன்றுதான் இருந்தது. படகின் அடியில் விழுந்திருக்கும் என்று ஒருவர் சொல்ல, ஆமாம் என்று மற்றவர் ஒப்புக்கொண்டார். கருவிப் பெட்டியின் மூலையில் கிடந்த வேறொரு வாஷரைப் போட்டு, இனிக் கசியவே கூடாது என்று பலங்கொண்ட மட்டும் இறுக்கினோம். வீட்டுக்கு வரும்போது அன்னையார், "முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டார்கள். "முடிஞ்சுதம்மா" என்றோம்.

இரவு செபமாலை சொல்லும்போது மணிகளை எண்ணும் விரல்களுக்கு நட்டுகளே தட்டுப்பட்டன. இயந்திரத்துக்குள் விழுந்த வாஷர் எண்ணெய்த் தொட்டிவரை இறங்கி அங்கேயே உறங்கிவிட்டால் பெரிதாகத் தீங்கில்லை. எண்ணெய் உறிஞ்சும் வாயில் வலை உண்டு. ஆனால் இறங்கும் வழியில் கேம் தண்டின் மேலோ பற்சக்கரங்களின் நடுவிலோ சிக்கினால்? கரையிலிருந்து இருபது மைல் தள்ளி, தென்மேற்குக் காற்று வீசும் நாளில் இயந்திரம் நின்றுபோனால்? எங்களோடு கடலுக்கு வருபவர்கள் நால்வர். அவர்களுள் ஒருவருக்குக் கைக்குழந்தை. இருவரும் உறங்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. விடியற்காலையில் ஒருவர், "அது உள்ளேதான் விழுந்தது" என்றார். "எனக்கும் தெரியும்" என்றார் மற்றவர்.

ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும் பங்குத் தந்தையிடம் சென்றோம். ஓய்வுநாளில் இயந்திரத்தைப் பிரிக்கலாமா என்பது கேள்வி. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடமாட்டீர்களா என்று ஆண்டவர் கேட்டதை நினைவூட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் அதைக் கேட்கவில்லை. "கூட வருகிற நாலு பேரிடமும் சொல்லியாயிற்றா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை, சாமி."

"அதை முதலில் செய்யுங்கள். பிறகு படகுக்குப் போங்கள்."

நால்வர் வீட்டுக்கும் சென்றோம். மூவர் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவர் மட்டும், எங்கள் தந்தையாரோடு தொழில் செய்தவர், எங்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே சென்று டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, "நடங்க" என்று எங்களுக்கு முன்னால் நடந்தார். ஏசியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மெக்கானிக் அண்ணாச்சி பிற சமயத்தவர். ஞாயிறு அவருக்கு ஓய்வுநாள் அன்று. ஆயினும் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்திருந்தவரை எழுப்பிக்கொண்டுதான் சென்றோம். கதையைக் கேட்டவர், காந்தத்தை நூலில் கட்டி இறக்கலாமே என்ற எங்கள் யோசனையைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "செம்பு காந்தத்துல ஒட்டுமா தம்பி?" என்றார்.

முதலில் மூடியின் மேற்புறத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்தார். நட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல், குறுக்கும் நெடுக்குமாக ஒவ்வொன்றையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்தினார். நட்டையும் வாஷரையும் சிரட்டையில் எண்ணிப் போட்டார். மூடியை நேராக மேலே தூக்கினார். மூத்தவர் விளக்கைப் பிடித்தார். புஷ்ராடு துளைகளின் வாயில் முதல் வேலையாகத் துணிச் சுருள்களைச் செருகிவிட்டு, பின்பே தேடத் தொடங்கினார். இந்த ஒரு துணிச் சுருள் முந்தின நாள் எங்கள் நினைவுக்கு வந்திருந்தால் இக்கட்டுரையே இல்லை.

ஆறாம் சிலிண்டரின் சுருள்வில் ஓரத்தில் தேங்கிய எண்ணெயில் ஏதோ மின்னியது. துளையின் விளிம்புக்கும் அதற்கும் ஒரு விரற்கடை தூரம்கூட இல்லை. எண்ணெயின் பசையே அதைப் பிடித்து வைத்திருந்தது. இயந்திரத்தை ஒரு முறை ஓட்டியிருந்தால் அதிர்விலேயே உள்ளே போயிருக்கும். அண்ணாச்சி கம்பி முனையில் கிரீஸைத் தொட்டு, அதனை மெல்ல எடுத்து எங்கள் உள்ளங்கையில் வைத்தார். மூத்தவர் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார்.

அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் அண்ணாச்சி மூடியைத் திருப்பிப் பார்த்தார். நாங்கள் முறுக்கிய முறுக்கில் நட்டுத் துளைகளைச் சுற்றித் தகடு குழிந்திருந்தது. புதிய பேக்கிங்கோ ஒரு பக்கம் நசுங்கிப் பிதுங்கியிருந்தது. "இறுக்கினா கசியாதுன்னு யார் சொன்னது?" என்றார். பின்பு நாங்கள் எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டார்: "ஆயில் குச்சி தானா மேலே எழும்பி நிக்குமா?"

நின்றது உண்டு. பல நாள் நாங்களே அதனைக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளியிருக்கிறோம்.

மூடியின் மேலிருந்த மூச்சுக்குழலைக் கழற்றித் தட்டினார். உள்ளிருந்த கம்பி வலை கரிய களிம்பால் முற்றிலும் அடைபட்டிருந்தது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இயந்திரத்தின் வயிற்றுக்குள் சிறிது புகை இறங்குவது இயல்பு. அது இவ்வழியே வெளியேற வேண்டும். வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே மெலிந்த இடம் உண்டோ அங்கே எண்ணெயைத் தள்ளும். மெலிந்த இடம் பேக்கிங். இரண்டு முறை தாமும் அதனைப் பார்க்கத் தவறியதை அண்ணாச்சி மறைக்கவில்லை. "எம் பேரிலும் தப்பு இருக்கு" என்று சொல்லி, வலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினார்.

திறந்தது திறந்தாயிற்று என்று முன்மூடியையும் கழற்றி வால்வு இடைவெளியைச் சரிபார்த்தார். ஆறு சிலிண்டர் இயந்திரத்தில் இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கூட்டினால் ஏழு வர வேண்டும். ஆறாம் சிலிண்டரின் இரு வால்வுகளும் ஒன்று மூட, ஒன்று திறக்க ஆடும் வேளையில் ஒன்றாம் சிலிண்டரை அளக்கலாம். இரண்டு ஆடினால் ஐந்து. மூன்று ஆடினால் நான்கு. எங்கள் இயந்திரத்துக்குக் குளிர்ந்த நிலையில் 12 தவ், அதாவது 0.30 மில்லிமீட்டர். நாங்கள் கையால் இயந்திரத்தைச் சுற்றிக் கொடுக்க, அவர் அளவுத் தகட்டைச் செருகிச் செருகிப் பார்த்தார். பன்னிரண்டில் இரண்டு வால்வுகள் தளர்ந்திருந்தன.

மூடியைச் சமதளப் பலகையில் வைத்துத் தட்டி நேராக்கினார். இருப்பில் இருந்த தக்கைப் பேக்கிங் காய்ந்து சுருங்கிப் போயிருந்தது. அதை வெந்நீரில் சற்று ஊறவைத்ததும் பழைய அளவுக்கு விரிந்தது. மூடிப் பக்கம் மட்டும் ஷெல்லாக் தடவி ஒட்டினார். தலைப்பக்கம் கிரீஸ், அடுத்த முறை கிழியாமல் எழும்புவதற்காக. துணிச் சுருள்களை எண்ணி எடுத்தார். கடைசியில் ஸ்பானரை முனையில் பிடிக்காமல், தலைக்கு அருகே குட்டையாகப் பிடித்து, இரண்டு விரல் பலத்தில் குறுக்காக இறுக்கினார். எட்டு நட்டு, எட்டு வாஷர். சிரட்டை காலி.

இன்று பேக்கிங் ரப்பரில் வார்த்து வருகிறது. 2017 முதல் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் 61 நாளாகிவிட்டமையால், பிள்ளைகள் ஏப்ரல், மே மாதங்களில் இயந்திரத்தை நிதானமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். சிரட்டையும் துணிச் சுருளும் மட்டும் மாறவில்லை.

திங்கட்கிழமை விடியுமுன் புறப்பட்டோம். மாலையில் கரை சேர்ந்ததும் மீனை இறக்குமுன் மூத்தவர் விளக்கைப் பிடிக்க, மூடியின் விளிம்பைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தோம். துணி வெள்ளையாகவே வந்தது. அண்ணாச்சி, உங்கள் ஓய்வுநாளில் செய்த வேலைக்குக் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்னையார் அன்று பட்ட மீனில் பெரிய சீலா ஒன்றை அவர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.