கோத்தா திங்கியில் ஒளிரும் மரங்கள்

ஜோகூர் பாருவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம், கோத்தா திங்கி. நண்பர்கள் ஐவரும் சிறு படகொன்றில் ஜோகூர் ஆற்றில் மெல்லப் போனோம். 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூருக்கும் தண்ணீர் தரும் ஆறு இது. கரையெங்கும் நீப்பா பனைகள்.

இருட்டியதும் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். பெரெம்பாங் மரமொன்றில் எண்ணற்ற மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னின. ஆண் பூச்சிகள் இணையை அழைக்கும் விதம் அது.

மரத்தை மட்டும் விட்டுவைத்தால் போதாது. மின்மினிப் புழுக்கள் கரையின் ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரையை அழித்துத் தோட்டம் போட்டாலோ, விளக்குகள் பெருகினாலோ இந்த ஒளி அணைந்துவிடும்.

போகிறவர்கள் நிலவில்லாத, மழையில்லாத இரவாகப் பார்த்துப் போங்கள். கைவிளக்கும் கேமரா ஃபிளாஷும் வேண்டாம். இருட்டுக்குக் கண் பழகட்டும்.