பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ஜனாஸா

சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 13,400 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டால் பதினைந்து மணி நேரம். ஆனால் கணக்கில் வரும் பதினைந்து மணி நேரத்தில் எவரும் வந்து சேர்வதில்லை. வளைகுடா வழியாக வருபவருக்கு முதல் கட்டத்துக்கே பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம், அங்கே காத்திருப்பு, பின்னர் சென்னைக்கு நான்கு மணி நேரம், தூத்துக்குடிக்கு இன்னொரு விமானம், கடைசியாகக் காயல்பட்டினத்துக்குக் கார்.

எங்கள் வாப்பா ஒரு வியாழக்கிழமை இஷாவுக்குப் பின் வஃபாத்தானபோது டொராண்டோவில் முற்பகல். தம்பிக்கு அன்றிரவு விமானத்தில்தான் இடம் கிடைத்தது. அவன் வீடு வந்து சேர ஏறத்தாழ நாற்பது மணி நேரம் ஆகும் என்று தெரிந்தது. "காக்கா, நான் வர்ற வரைக்கும் வைக்க முடியுமா?" என்று கேட்டான். குளிர்பெட்டி வைத்துக் காத்திருக்கலாம் என்று உறவினர் சிலரும் கூறினர்.

ஜனாஸாவை விரைவுபடுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபில், வலீ அருகில் இருந்து, மையித்துக்கு மாற்றம் நேரும் அச்சமும் இல்லையெனில் சிறிது காத்திருக்க இடமுண்டு. நாற்பது மணி நேரம் அந்தச் 'சிறிது' ஆகாது. உம்மாவிடம் கேட்டேன். "அவுகளக் காக்க வைக்காதீங்க வாப்பா" என்றார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நல்லடக்கம் என்று முடிவாயிற்று. அதைத் தம்பியிடம் சொல்வதுதான் அன்றைய வேலைகளுள் கடினமானது. கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தான். பின்பு "சரி காக்கா" என்றான்.

எனினும் மார்க்கம் தொலைவில் இருப்பவனைக் கைவிட்டுவிடவில்லை. அபிசீனியாவில் மரணித்த நஜ்ஜாஷி மன்னருக்காக நபியவர்கள் மதீனாவில் தொழவைத்தார்கள். அதை ஆதாரமாகக் கொண்டே ஷாஃபிஈ மத்ஹபினர் காயிப் ஜனாஸா தொழுகிறோம்; ஹனஃபீ மத்ஹபில் அது இல்லை. மையித்து குளிப்பாட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆகவே குளிப்பாட்டி முடிந்ததும் தம்பிக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பினேன். அடக்கத்தின்போது அவன் வானில் இருந்தான். இறங்கியதும் செய்தியைப் பார்த்து, விமான நிலையத் தொழுகை அறையில் தனியே நான்கு தக்பீர் கட்டித் தொழுதிருக்கிறான். அறிமுகமில்லாத இருவர் விசாரித்துவிட்டு, பின்னால் வந்து நின்றார்களாம். அவர்கள் எந்த நாட்டவர் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை முன்னதாகவே பேசி வைப்பது நல்லது. பேசத் தயங்குவோம், அபசகுனம் என்றும் சிலர் நினைப்பர். ஆனால் அழுகைக்கிடையே தொலைபேசியில் முடிவெடுப்பது அதைவிடக் கொடிது.

சனிக்கிழமை லுஹருக்குச் சற்று முன் தம்பி வந்தான். பையைத் திண்ணையில் வைத்துவிட்டு உம்மாவிடம் ஸலாம் சொன்னவன், ஒளு செய்துகொண்டு என்னுடன் மையவாடிக்கு நடந்தான். வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: கப்ரில் இறங்கி வாப்பாவை வாங்கியவர்கள் யார் யார்? ஒவ்வொரு பெயராகச் சொன்னேன்.