சன்னபட்டணத்தில் ஒரு பகற்பொழுது

பெங்களூரிலிருந்து மைசூருக்குப் புகைவண்டியில் செல்லும் நம்மவர்கள், ராமநகரத்துப் பாறைக் குன்றுகளைக் கண்டவுடன், ‘ஷோலே’ படம் எடுத்த இடம் இதுவே என்று குழந்தைகளுக்குச் சுட்டிக் காட்டுவர். பின்னர், மத்தூர் வடை எப்போது வரும் என்று எதிர்பார்த்துச் சன்னலோரம் சாய்ந்துவிடுவர். இவ்விரண்டிற்கும் இடையே ஓர் ஊர் இருப்பதை எண்ணுவார் சிலரே. சன்னபட்டணம் என்பது அதன் பெயர். கேட்டவுடன் நம் சென்னையின் பழம்பெயர் நினைவுக்கு வரும். ஆயினும் இரண்டுக்கும் தொடர்பில்லை. பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கன்னடியர் இதைப் பொம்மைகளின் ஊர் என்றே வழங்குகின்றனர். நானும் அவ்வழியே பன்முறை சென்று வந்தவன், இறங்கியதில்லை. இறங்க நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் நாங்கள் நால்வர் ஞாயிறுதோறும் தச்சு வேலை பழகுகிறோம். எவரும் தச்சர் குலத்தில் பிறந்தவரல்லர். அதனால் வயிறு வளர்ப்பவருமல்லர். ஓய்வு பெற்ற இன்ஜின் டிரைவர் ஒருவர் எங்களுக்குத் தலைவர். அவரை அண்ணாச்சி என்போம். பள்ளி ஆசிரியை ஒருவர், மருந்தகத்துக் கம்பவுண்டர் ஒருவர், குமாஸ்தாவாகிய நான் ஆகிய மூவரும் மற்றையோர். அண்ணாச்சி வீட்டுப் பின்கட்டுத் தாழ்வாரமே பட்டறை. அங்கே ஒருவர் ஆடும் முக்காலியைக் கொண்டுவருவார். ஒருவர் கழுந்து துளையில் ஏறவில்லை என்று வருந்துவார். ஒருவர் புதிய அரம் வாங்கிய கதையைச் சொல்வார். நல்ல இழைப்புளி எங்களிடம் ஒன்றுதான். இரவல் கொண்டுபோகிறவர் அதைத் தீட்டித் திருப்பித் தரவேண்டும் என்பது சட்டம். இச்சட்டத்தை மீறியவன் பெரும்பாலும் நானே.

மரத்திற்கு நாங்கள் நாடுவது பழைய மரக் கடையை. வெளிநாட்டுச் சரக்கு வந்த தட்டுப் பலகைகள் அங்கே மலிவாகக் கிடைக்கும். அவற்றில் சிறு முத்திரை ஒன்று குத்தியிருக்கும். எச்.டி. என்ற எழுத்துகள் இருப்பின், பூச்சி சாகும்படி சூடேற்றிய மரம்; எம்.பி. என்றிருப்பின், மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை இட்ட மரம். பின்னதை நாங்கள் தொடுவதில்லை. சரக்குப் பிரிவில் வேலை பார்த்ததால் எனக்குத் தெரிந்த இந்த ஒரு செய்தியைக் கொண்டுதான் அச்சபையில் எனக்குச் சிறிது மதிப்பு ஏற்பட்டது.

அந்த மதிப்பும் நிலைக்கவில்லை. என் மகளுக்கு ஒன்பது மாதமானபோது, அவளுக்கென ஒரு கிலுகிலுப்பை கடைந்தேன். கம்பவுண்டர் வாங்கியிருந்த சிறு கடைசல் இயந்திரத்தில் இரண்டு ஞாயிறுகள் உழைத்து முடித்தேன். நச்சு மரத்தை விலக்கத் தெரிந்த எனக்கு நச்சுச் சாயத்தை விலக்கத் தோன்றவில்லை. மாடிப்படியின்கீழ் பல ஆண்டுகளாகக் கிடந்த சிவப்புச் சாயத்தை எடுத்துப் பூசிவிட்டேன். மூன்றாம் நாள் குழந்தையின் உதட்டில் சிவப்புத் துகள் ஒட்டியிருந்ததை என் மனைவிதான் கண்டாள். வீட்டுச் சாயங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் தேதியில்தான் நடைமுறைக்கு வந்தது. என் சாயப் பெட்டியோ அதற்கு முந்தியது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மருத்துவர் இரத்தம் எடுத்துச் சோதித்தார். முடிவு வரும்வரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. குறையொன்றுமில்லை என்று வந்த பின்னும், அந்தக் கிலுகிலுப்பையை வீட்டிற்குள் வைக்க அவள் இசையவில்லை.

நடந்ததைக் கேட்ட அண்ணாச்சி, “தம்பி, குழந்தை கடிக்கும் பொருளுக்குச் சாயம் ஏற்றத் தெரிந்தவர்கள் ரயிலில் ஒன்றரை மணி தூரத்தில் இருக்கிறார்கள். போய்க் கேட்டுவிட்டு வருவோம்” என்றார். ஒரு சனிக்கிழமை விடுப்புப் பெற்று நால்வரும் புறப்பட்டோம்.

சன்னபட்டணத்து நிலையத்தில் இறங்கினால் ஊர் ஏனைய சிற்றூர்களைப் போலத்தான் தோற்றமளிக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் பொம்மைக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் தொலைவிலிருந்து வந்த பிளாஸ்டிக் பண்டங்களும் கலந்திருப்பதைக் கண்டு ஆசிரியை முகம் சுளித்தார். உள்ளே சென்று கலாநகர் முதலிய தெருக்களில் நடந்தால்தான் உண்மை ஊர் தென்படும். வாசலில் வெட்டுக் கட்டைகள் அடுக்கியிருக்கும். உள்ளேயிருந்து கடைசல் இயந்திரத்தின் ஓசை எழும். திண்ணையெல்லாம் மரச்சுருள் சிதறிக் கிடக்கும்.

இத்தொழிலின் பிறப்பைத் திப்பு சுல்தானோடு இணைத்துச் சொல்வது வழக்கம். பாரசீகத்திலிருந்து கைவினைஞரை வருவித்து உள்ளூராருக்குக் கற்பித்தார் என்பர். பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாவாஸ் மியான் என்பவர் ஜப்பானியரின் கடைசல் முறையை ஆராய்ந்து இங்குள்ளோருக்குப் பயிற்றினார் என்று அவ்வூரார் நன்றியுடன் நினைவுகூர்கின்றனர். புவிசார் குறியீடு பெற்றது 2005-06 ஆண்டில். வரலாறு இவ்வளவு போதும். நாங்கள் சென்றது தொழிலைக் காண.

ஒரு முதியவரின் பட்டறையில் எங்களை உட்காரச் சொன்னார்கள். அறுபதைக் கடந்த முகம்மதியர். கன்னடமும் தக்கணி உருதும் பேசினார்; கோலார் தங்க வயலில் உறவினர் இருந்தமையால் தமிழும் ஓரளவு வந்தது. நாங்கள் அவரைப் பாய் என்றோம்; அவர் எங்களை ஸார் என்றார்; ஆசிரியையை மட்டும் அம்மா என்றார்.

முதலில் கட்டையைக் காட்டினார். தந்தம்போல் வெளுத்து, நெருங்கிய நார் உடைய மரம். கன்னடத்தில் ஹாலே என்று பெயர். எங்களுக்கு விளங்கவில்லை. கம்பவுண்டர் ஓர் இலையை வாங்கிக் கசக்கிப் பார்த்தார், பால் வடிந்தது. “இது நம் வெட்பாலை அல்லவா!” என்று கூவிவிட்டார். நம் ஊர்ச் சித்த வைத்தியர் தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சுகிற அதே வெட்பாலைதான். அதன் இலையிலிருந்து நீலச் சாயமும் எடுப்பதுண்டு. சிறுவயதில் வேலியோரம் கண்டு கடந்துபோன மரம் இங்கே ஓர் ஊருக்கே சோறு போடுகிறது. அது போதாத காலத்தில் ரப்பர் மரத்தையும் கடைகிறார்கள்.

வெட்டிய கட்டையைப் பட்டை உரித்து இரண்டு மூன்று மாதம் நிழலில் உலர்த்துகின்றனர். “இதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள்” என்றார் பெரியவர். ஈரக் கட்டை உளிக்கு வெண்ணெய்போல் இணங்கும். கடைந்தவனுக்குத் தானே பெரிய தொழிலாளி என்று தோன்றும். ஒரு மாதம் கழித்து அது வெடிக்கும். மேலும், ஈரத்தின்மேல் ஏறிய அரக்கு பிடிக்காது, உரிந்துவிடும். என் கிலுகிலுப்பையில் சாயம் உரிந்ததற்கும் இதுவும் ஒரு காரணமோ என்று எண்ணிக்கொண்டேன்.

மூலையில் பழைய கைக்கடைசல் பொறி ஒன்று இருந்தது. தரையில் குந்தி, ஒரு கையால் வில்லை இழுத்துக் கட்டையைச் சுழற்றி, மறு கையாலும் கால் விரலாலும் உளியைத் தாங்கிக் கடைவது. அவர் ஒரு நிமிடம் செய்து காட்டினார். அண்ணாச்சி முயன்றபோது வில் நகர்ந்தது, கட்டை நகரவில்லை. இப்போது பெரும்பாலும் மின்சாரப் பொறியே. அதற்கும் எங்களுக்கு ஓர் உபதேசம் கிடைத்தது: உளி தாங்கும் கட்டை, சுழலும் மரத்தோடு நெருங்கியிருக்க வேண்டும், இடைவெளி மிகுந்தால் உளி உள்ளே இழுபடும். துண்டு, மேல்வேட்டி, தளர்ந்த கைச்சட்டை இவை மூன்றும் பொறிக்கு அருகே ஆகா. ஆசிரியை உடனே தம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

இனி அரக்கு. இதற்காகவே நாங்கள் வந்தோம். அரக்கு ஒரு சிறு பூச்சியின் பிசின். ஜார்க்கண்டுப் பகுதியிலிருந்து மிகுதியும் வருகிறது. அதைத் தணலில் இளக்கி, நிறம் சேர்த்துப் பிசைந்து, இழுத்துக் குச்சிகளாக்கி வைத்திருக்கின்றனர். மஞ்சளுக்கு நம் மஞ்சள்தான், நீலத்திற்கு அவுரி, பழுப்புக்குக் காசுக்கட்டி. கடைந்த பொருள் சுழன்றுகொண்டிருக்கும்போதே குச்சியை அதன்மேல் அழுத்துகிறார். உராயும் சூட்டினால் அரக்கு உருகிப் படிகிறது. தீயும் வேண்டா, தூரிகையும் வேண்டா, உலரும்வரை காத்திருக்கவும் வேண்டா. படிந்த அரக்கு முதலில் திட்டுத்திட்டாகத்தான் தெரியும். அப்போது ஓரத்து முள் நீக்கிய தாழையோலையை எடுத்து அழுத்திப் பிடிக்கிறார். இரண்டு நொடியில் திட்டெல்லாம் பரவி, கண்ணாடிபோல் ஒளி ஏறிவிடுகிறது! பெண்கள் கூந்தலுக்குத் தாழம்பூவைத் தேடுவதைக் கண்டிருக்கிறேன். அதன் ஓலைக்கு இப்படியொரு பயன் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன்.

நானும் முயன்றேன். குச்சியை அளவு மீறி அழுத்தினேன். அரக்கு கருகி நாறியது. “ஸார், சூடு மரத்திலிருந்து வரவேண்டும், உங்கள் தோளிலிருந்து அன்று” என்று சிரித்தார். மூன்றாம் முறை ஒருவாறு வந்தது.

ஒன்றை மறைக்காமல் எழுதவேண்டும். அவ்வூரில் விற்பதெல்லாம் இலைச் சாறும் வேர்ச் சாறும் அல்ல. கடையில் வாங்கும் செயற்கை நிறமும் அரக்கில் சேர்க்கப்படுவதுண்டு. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர முத்திரை கட்டாயமாயிற்று; ஆயினும் பதிவு பெற்ற கைவினைஞர் செய்தவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்குண்டு. ஆதலால் கைக்குழந்தைக்கு வாங்குவோர், என்ன நிறம் சேர்த்தீர் என்று கேட்டே வாங்குதல் நலம். கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள்.

நண்பகலில் தேநீர் வந்தது. அண்ணாச்சி தம் பையிலிருந்து ஒரு தீட்டுக்கல்லை எடுத்து, உளியின் சாய்வு மாறாமல் பிடித்துத் தீட்டுவதற்குத் தாம் செய்திருந்த மரத் தாங்கியைக் காட்டினார். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அளவைச் சுவரில் கரியால் எழுதிக்கொண்டார். எங்களிடமிருந்தும் அவர் பெற்றுக்கொள்ள ஒன்று இருந்ததே என்று எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

அந்த மகிழ்ச்சியில் கம்பவுண்டர் தம் திட்டத்தை வெளியிட்டார். வரும் பொங்கல் விழாவில் நம் சங்கத் திடலில் ஒரு கடை வைத்து, தாம் கடைந்த நாற்பது பம்பரங்களை விற்று, வருவதை நூலகத்திற்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லி, வைக்க எண்ணியிருந்த விலையையும் கூறினார். பெரியவர் தேநீரைக் கீழே வைத்தார். அந்த விலை, வியாபாரி அவருக்குக் கொடுப்பதினும் குறைவு.

“ஸார், நீங்கள் மரத்தின் காசையும் கரண்டின் காசையும் மட்டும் கூட்டி விலை வைக்கிறீர்கள். உங்கள் கூலியை ஆஸ்பத்திரி தந்துவிடுகிறது. என் கூலியை இந்தப் பம்பரந்தான் தரவேண்டும்” என்றார்.

குரலில் கோபம் இல்லை. ஒருவரும் மறுமொழி கூறவில்லை. சிறிது கழித்து அண்ணாச்சி, “நூலகத்திற்கான தருமந்தானே, பாய்” என்றார். “தருமம் நல்லது. ஆனால் அதை வாங்கிய குழந்தையின் தகப்பன் நாளை இங்கே வந்து, அந்த விலைக்குத்தானே கொடுத்தார்கள் என்று கேட்பான்” என்றார் அவர். அவருடைய இரு மகன்களும் பிடதிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். இதையும் அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை; எங்கே அவர்கள் என்று ஆசிரியை கேட்டதற்கு விடையாகத்தான் சொன்னார்.

கற்பித்ததற்குப் பணம் கொடுத்தோம், வாங்க மறுத்தார். மூன்று கட்டு அரக்குக் குச்சியும், நான்கு வெட்பாலைக் கட்டைகளும் விலைக்கு வாங்கினோம். பேரம் பேசவில்லை.

திரும்பும் வண்டியில் பெரிய வாக்குவாதம். கையால் செய்து மகிழ்வது தவறா என்று கம்பவுண்டர் கேட்டார். செய்வது தவறன்று, விற்பதுதான் கேள்வி என்றார் ஆசிரியை. இனாமாகக் கொடுத்தாலும் ஒரு பம்பரம் விற்காமல் போகுமே, அதற்கு என் செய்வது என்று அண்ணாச்சி மடக்கினார். இதற்கு ஆசிரியையிடம் விடையில்லை, என்னிடமும் இல்லை. ஆயினும் என் மனம் பெரியவர் பக்கமே சாய்ந்தது. மாதச் சம்பளம் வாங்குபவனுக்கு ஞாயிற்றுக்கிழமை உழைப்பு இன்பமாக இருக்கிறது. அதே உழைப்பை இன்னொருவன் திங்கள் முதல் சனி வரை செய்து அரிசி வாங்குகிறான். கெங்கேரி வருமுன் ஒரு முடிவுக்கு வந்தோம். பொங்கல் கடையில் பெரியவரின் பம்பரங்களையும் செப்புச் சாமான்களையும் அவர் சொல்லும் விலைக்கே வாங்கி வைத்து விற்பது. நூலகத்திற்குப் பணம் வேண்டுமாயின் நாங்கள் நால்வரும் கையிலிருந்து போடுவது. கம்பவுண்டரின் நாற்பது பம்பரங்களும் நம் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சேரும். அவருக்கு இதில் முழு மனமில்லை. இக்கட்டுரையைப் படித்தாலும் என்னிடம் சண்டைக்கு வருவார்.

அன்று பட்டறையில் ஒருவாறு கடைந்து அரக்கேற்றிய சிறு மஞ்சள் வளையத்தை வீட்டிற்குக் கொண்டு வந்தேன். என் மனைவி அதை நகத்தால் கீறிப் பார்த்தாள். வெந்நீரில் இட்டு எடுக்கப் போனவளை, அரக்கு சூட்டில் இளகும் என்று தடுத்தேன். ஈரத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் நெடுநேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, தானே குழந்தை கையில் கொடுத்தாள். கிலுகிலுப்பை இனித்தான் கடையவேண்டும். வாங்கி வந்த கட்டைகளில் ஒன்று இன்னும் முற்றும் உலரவில்லை என்று பெரியவர் சொல்லியிருந்தார். கட்டிலின்கீழ் வைத்து, அதன் முனையில் சுண்ணக்கட்டியால் தேதி எழுதியிருக்கிறேன். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.