இறுகிப்போன இரண்டு பிஸ்டன்கள்

நாட்டிங்ஹாம் பக்கம் ஒரு வீட்டின் பின்கொல்லைக் கொட்டகை. நுழைந்ததுமே பழைய கிரீஸ் வாடை. ஊரில் எங்கள் கிணற்றடி ஆயில் இன்ஜின் கொட்டகையில் அடித்த அதே வாடை. மேசைமேல் ஒரு நீராவி ரயில் இன்ஜின் நின்றது. பொம்மை என்று சொல்ல வாய் வரவில்லை. 5 அங்குலத் தண்டவாளத்தில் ஓடுவது. அசலில் ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு. ஆனாலும் நிஜக் கரி போட்டு எரித்தால் நாலைந்து பெரியவர்களை உட்காரவைத்து இழுக்கும்.

செய்தவர் இறந்தபின் பல வருடம் கார் ஷெட்டில் கிடந்ததாம். மகள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. நம் மெக்கானிக்குகள் பாஷையில் ‘சீஸ்’ ஆகிவிட்டது.

கொட்டகைக்காரர் எழுபதைத் தாண்டியவர், டூல்ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உதவிக்கு அதே வயதில் ஒரு நண்பர். மூலையில் மைஃபோர்டு எம்எல்7 லேத். 1946இல் வந்த மாடல். பக்கத்து பீஸ்டனில்தான் செய்தார்கள்.

“கடைசியாக ஓடிய அன்றைக்குத்தான் இதைக் கெடுத்திருக்கிறார்கள்” என்றார். ஓடி முடித்த சூட்டிலேயே உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற்றி, கெட்டியான ஸ்டீம் ஆயிலை விட்டு, சக்கரத்தை நாலு சுற்று உருட்டி வைக்க வேண்டும். பத்து நிமிட வேலை. சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் வளையமும் வார்ப்பிரும்பு. நீராவி குளிர்ந்து தண்ணீராகி நின்றால் இரண்டும் சேர்ந்து துருவேறும். துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும். அந்த இடுக்கில் அதுவே ஆப்பு. கன்மெட்டல் சிலிண்டர் என்றால் இவ்வளவு தொல்லை இல்லை. தேய்மானத்துக்கு இரும்புதான் என்பது அவர் கட்சி.

எங்கள் ஆயில் இன்ஜின் ஒருமுறை இப்படி இறுகியபோது, வந்த மெக்கானிக் கட்டையை வைத்துச் சம்மட்டியால் போட்டார். பிஸ்டன் இரண்டாக வந்தது. இங்கே சுத்தியல் ஆணியில் தொங்கியபடியே இருந்தது.

மூன்று வாரம் துரு இளக்கும் எண்ணெயில் ஊறவைத்திருந்தார்கள். நான் போன அன்று கிரீஸ் கன். கனெக்டிங் ராடைப் பிரித்தாயிற்று. இல்லாவிட்டால் வளைவது அதுதான். வால்வை எடுத்து, நீராவித் துளைகள்மேல் ரப்பரும் தகடும் வைத்து முடுக்கினார்கள். பின்பக்கம் தண்ணீர் வடியும் துளையில் கிரீஸ் நிப்பிள். பிஸ்டனின் விட்டம் ஒன்றரை அங்குலம். சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு நீராவி அழுத்தத்தில் அதன்மேல் விழுவது சுமார் 64 கிலோ. கிரீஸ் கன் 1,000 பவுண்டை எட்டினால் 800 கிலோ. கம்ப்ரசரில் காற்றடித்தால் என்ன என்று கேட்டேன். முறைத்தார். அமுங்கியிருக்கும் காற்று, பிஸ்டன் விடுபட்டதும் அதைத் துப்பாக்கிக் குண்டாக்கிவிடும். கிரீஸ் அமுங்காது, பிஸ்டன் நகர்ந்த மறுகணம் அழுத்தம் விழுந்துவிடும்.

நண்பர் அமுக்க, இவர் டார்ச் அடித்தார். கைப்பிடி கனத்துக்கொண்டே போனது. பிஸ்டன் ஓரத்தில் காபித்தூள் மாதிரி துரு உதிர்ந்தது. டக். “வந்துட்டா” என்றார். இன்ஜினை இங்கே பெண்ணாகத்தான் சொல்கிறார்கள்.

வளையம் ஒன்று காடியிலேயே முறிந்திருந்தது. அது ஒட்டிக் கிடந்த இடத்தில் விரல்நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நகம் தடுக்கியது. தடுக்கினால் ஹோன் போட்டுத் தேய்த்து மட்டும் தீராது. சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி, புதுப் பிஸ்டன் போட வேண்டும். செம்புக் கொதிகலனையும் நீர் நிரப்பி, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்கு, அதாவது 120 பவுண்டுக்குச் சோதித்தால்தான் மாதிரி ரயில்காரர்கள் சங்கத்தின் தண்டவாளத்தில் ஏற்ற விடுவார்கள்.

வலப்பக்கப் பிஸ்டன் அசையவே இல்லை. தகட்டோரம் கிரீஸ் பிதுங்கியதுதான் மிச்சம். மறுபடி எண்ணெய் ஊற்றி, ஒரு அட்டையில் தேதியை எழுதிச் செருகிவிட்டு, டீ போடப் போனார்.