உள்ளதை உள்ளபடி வரைந்தவர்

இன்றைய தோக்கியோ நகரம் முன்பு எடோ என அழைக்கப்பட்டது. அந்நகர மக்களுக்குக் கபுக்கி நாடகம் என்றால் உயிர். ஆட்டமும் பாட்டும் உரையாடலும் கலந்த அந்நாடகங்களில் ஆண்களே நடித்தனர். 1629ஆம் ஆண்டில் பெண்கள் மேடையேறுவதை அரசு தடை செய்ததால், காலப்போக்கில் பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்கத் தொடங்கினர்.

புகழ்பெற்ற நடிகர்களின் படங்களை இரசிகர்கள் விரும்பி வாங்கினர். புகைப்படக் கருவி இல்லாத அக்காலத்தில், படங்கள் மரப்பலகைகளைக் கொண்டு அச்சிடப்பட்டன. ஓவியர் மெல்லிய தாளில் படத்தை வரைந்து கொடுப்பார். செதுக்குநர் அத்தாளைச் செர்ரி மரப்பலகைமீது கவிழ்த்து ஒட்டி, கோடுகள் மட்டும் மேலெழுந்து நிற்கும்படி செதுக்குவார். வண்ணங்களுக்கெனத் தனிப் பலகைகள் உண்டு. அச்சிடுபவர் அவற்றில் வண்ணம் பூசி, தாளை மேலே வைத்துத் தேய்த்து எடுப்பார். இவர்கள் அனைவரையும் ஒருங்கிணைத்துப் பணம் போடுபவர் பதிப்பாளர்.

1794ஆம் ஆண்டில் சுத்தாயா ஜூசாபுரோ என்ற பதிப்பாளர் துணிச்சலான செயல் ஒன்றைச் செய்தார். அதுவரை யாரும் அறியாத ஷராக்கு என்ற ஓவியரின் 28 படங்களை வெளியிட்டார். மைக்காத் தூள் மின்னும் கருமையான பின்னணியில் நடிகர்களின் முகங்கள் பெரிதாகத் தெரிந்தன.

மற்ற ஓவியர்கள் நடிகர்களை அழகுபடுத்திக் காட்டினர். ஷராக்குவோ வளைந்த மூக்கையும் சிறிய கண்களையும் முகச் சுருக்கங்களையும் மறைக்கவில்லை. எடோபெய் என்ற முரடனாக நடித்த ஓத்தானி ஒனிஜியின் படத்தில், மோவாய் முன்னே நீண்டிருக்கிறது. விரல்கள் விரிந்து, எதையோ பறிக்கத் துடிக்கின்றன. பெண் வேடமிட்ட செகாவா தோமிசாபுரோவின் படத்திலோ, பெண்ணின் ஒப்பனைக்குள் ஆணின் உறுதியான தாடை தெரிகிறது.

அப்படங்கள் பெரும் வரவேற்பைப் பெற்றதாகத் தெரியவில்லை. தங்கள் மனம் கவர்ந்த நடிகரை அழகாகக் காணவே இரசிகர்கள் விரும்பினர். அளவுக்கு மீறி உண்மையாக வரைந்ததால்தான் ஷராக்கு நிலைக்கவில்லை என்று அக்கால எழுத்தாளர் ஓத்தா நான்போ குறித்துள்ளார். ஏறத்தாழப் பத்தே மாதங்களில் 140க்கும் மேற்பட்ட படங்களைத் தந்த ஷராக்கு, 1795ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கலையுலகிலிருந்து மறைந்தார். அதே காலத்தில் நடிகர்களைக் கம்பீரமாக வரைந்த உத்தாகாவா தொயோக்குனியோ நெடுங்காலம் புகழோடு விளங்கினார்.

1910ஆம் ஆண்டில் யூலியஸ் குர்த் என்ற ஜெர்மானிய அறிஞர் ஷராக்குவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன்பின் உலகின் கவனம் அப்படங்கள்மீது திரும்பியது. இன்று அவை தோக்கியோ, லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் போற்றிப் பாதுகாக்கப்படுகின்றன.

ஷராக்கு நடிகர்களைக் கேலி செய்தாரா? தோமிசாபுரோவின் முகத்தை மீண்டும் ஒருமுறை உற்று நோக்கலாம். அதில் ஆணும் தெரிகிறார். அவர் உருவாக்கிய பெண்ணும் தெரிகிறாள். ஒருவர் இன்னொருவராக மாற எவ்வளவு உழைக்கிறார் என்பதையும் அம்முகம் சொல்கிறது. அழகை மட்டும் வரைந்திருந்தால் அந்த உழைப்பு நம் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. நடிகரின் குறையென இரசிகர்கள் எண்ணியது, உண்மையில் அவருடைய திறமைக்குச் சான்றாக நிற்கிறது.