ஹார்லிக்ஸ் பாட்டிலில் பச்சைக் கல்

அம்மாவுக்கு முதல் தடவை வலி வந்தது ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கு அப்புறம். ராத்திரி ஒன்றரை மணிக்கு வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டு வழக்கப்படி "கேஸ்" என்று தீர்ப்பானது. எங்கள் வீட்டில் கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே எங்கே வலித்தாலும் அது கேஸ்தான். ஓமத் தண்ணீர், ஜெலுசில், பெருங்காயம் போட்ட மோர் எல்லாம் வரிசையாக உள்ளே போச்சு. வலி முதுகுப் பக்கமாகத் தோள்பட்டை வரைக்கும் ஏறி, இரண்டு மணி நேரம் படுத்தி, பிறகு தானாகவே அடங்கிவிட்டது. மோர்தான் கேட்டது என்று மோருக்கு நல்ல பெயர்.

மூன்றாவது தடவை வந்தபிறகுதான் லஸ் பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பித்தப்பையில் நிறைய கற்கள், பெரியது 9 மில்லிமீட்டர்.

ரிப்போர்ட் வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்னாடியே வைத்தியம் வந்து சேர்ந்துவிட்டது. எதிர் ஃபிளாட் மாமி வாழைத்தண்டு அனுப்பினார். கிட்னி கல்லும் பித்தப்பைக் கல்லும் வேற வேற என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. (கிட்னி கல் சின்னதாக இருந்தால் சிறுநீரோடு வெளியே வந்துவிட வழி இருக்கிறது. பித்தப்பைக்கும் மூத்திரப்பைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கல் என்றால் கல்தானே!) தி.நகரிலிருந்து என் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, உஸ்மான் ரோடு பக்கம் வீடு, வாட்ஸப்பில் வருவதை எல்லாம் பிரிண்ட் எடுத்து ஃபைல் பண்ணி வைத்திருப்பவர்.

"அக்கா, ஆபரேஷன் கீபரேஷன்னு எவனாவது சொன்னா நம்பாத. அஞ்சு நாள் ஆப்பிள் ஜூஸ். ஆறாம் நாள் பேதி உப்பு. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஆலிவ் ஆயில்ல எலுமிச்சை சாறு கலந்து ஒரே மடக்கு. காலைல கல்லு எல்லாம் வெளிய வந்துடும், கண்ணால பாக்கலாம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் எதிர்ப்பு ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்கும் வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. பாண்டி பஜாரில் ஆலிவ் ஆயில் வாங்கிக்கொண்டு வந்தது நான்தான்.

ஏழாம் நாள் காலையில் கல் வந்தது! பட்டாணி சைஸில் பச்சைப் பசேலென்று, முப்பதுக்கு மேலே. அம்மா அருவருப்பே இல்லாமல் கழுவி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி, ஃபிரிட்ஜில் தனித் தட்டில் வைத்துவிட்டாள். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்சி. மாமா கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

எனக்கு மட்டும் ஒரு இடறல். ஸ்கேனில் பெரிய கல்லே 9 மில்லிமீட்டர்தான். பாட்டிலில் இருப்பதில் சிலது அதைவிடப் பெரிசு. சரி, இன்னொரு ஸ்கேன் எடுப்போம் என்று போனால், பழைய கற்கள் அப்படியே இருக்கின்றன. மாமாவிடம் அதற்கும் பதில் இருந்தது: "அது லிவர்ல இருந்த கல்லுடா. இன்னும் ரெண்டு ரவுண்டு பண்ணா இதுவும் வந்துடும்."

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடியதில் ஒரு கடிதம் மாட்டியது. 2005-ல் லான்செட் பத்திரிகையில் நியூஸிலாந்து மருத்துவர்கள் எழுதியது. அங்கேயும் ஒரு பெண்மணி இதே ஆப்பிள் ஜூஸ், ஆலிவ் ஆயில், எலுமிச்சை வைத்தியம் செய்து, இதே மாதிரி பச்சைக் கற்களை டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறார். அவர்கள் அதைச் சோதனைக்கூடத்தில் பார்த்தார்கள். அதில் கொலஸ்ட்ரால் இல்லை, பித்தநிறமி இல்லை, கால்சியம் இல்லை. முக்கால் வாசி கொழுப்பு அமிலம். குடித்த எண்ணெயும் சாறும் குடலுக்குள்ளேயே சேர்ந்து உருண்டு உண்டான சோப்பு! 40 டிகிரி சூட்டில் பத்து நிமிஷம் வைத்தால் எண்ணெயாக உருகிவிடும் என்றும் போட்டிருந்தது.

காலையில் டம்ளரில் வெந்நீர் எடுத்து, ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு கல்லைப் போட்டு அம்மா முன்னாடி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே பச்சையாக எண்ணெய் மிதந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய் சபீனா போட்டுத் தேய்த்துக் கழுவினாள். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை என்று மறுபடியும் தேய்த்தாள். எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனாலும் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவில்லை. "கரைக்கற மாத்திரை இருக்காமே" என்றாள். இருக்கிறதுதான். ஒரு டாக்டர் எழுதியும் கொடுத்தார். அர்சோடியாக்சிகோலிக் ஆசிட். 'அர்சஸ்' என்றால் லத்தீனில் கரடி. கரடியின் பித்தத்தில் இருக்கிற சரக்கு என்பதால் அந்தப் பெயர். (கடையில் கிடைப்பது கரடியிலிருந்து எடுத்தது இல்லை, பயப்பட வேண்டாம்.) மாசக்கணக்கில் சாப்பிட வேண்டும். அம்மா நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். நானும் நிம்மதியாக இருந்தேன்.

மார்கழி வந்தது. கச்சேரி, கேன்டீன். ஒரு ராத்திரி அம்மாவுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. காய்ச்சல். காலையில் கண் மஞ்சள், சிறுநீர் டிக்காஷன் நிறம். ஒரு சின்னக் கல் பித்தப்பையை விட்டு நழுவி, பித்தநீர் குடலுக்குப் போகிற பொதுக் குழாயில் மாட்டி அடைத்துவிட்டது. தேங்கின பித்தநீரில் கிருமி சேர்ந்துவிட்டது. அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு, குழாயின் வாயைக் கொஞ்சம் கீறிக் கல்லை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் ஆஸ்பத்திரி வராந்தா நாற்காலியில் நான் என்னென்ன நினைத்தேன் என்று எழுதப் போவதில்லை.

மூன்றாம் நாள் சர்ஜன் ரூமுக்குக் கூப்பிட்டார். நான் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அந்த மாத்திரை கொலஸ்ட்ரால் கல்லைத்தான் சார் கரைக்கும். அதுவும் சின்னதா, சுண்ணாம்பு ஏறாததா இருக்கணும். வடக்க பெரும்பாலும் அந்தக் கல்லுதான். நம்ம பக்கம் நிறமிக் கல் ஜாஸ்தி. நம்ம ஊர் கல்லு வேற" என்றார்.

ஊருக்கு ஊர் கல் வேறா? என்னடா இது, காபிப்பொடி மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து படித்தால், மனுஷன் சொன்னது நிஜம்.

முதலில் இந்த வித்தியாசத்தை எண்ணிக் காட்டியவர் மல்ஹோத்ரா என்கிற ரயில்வே டாக்டர். ரயில்வேயில் ஒரு சௌகரியம், ஒரே மாதிரி வேலை செய்கிறவர்கள் நாடு பூராவும் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக் கணக்கும் இருக்கிறது. வடக்கத்தி ஊழியர்களுக்குப் பித்தக்கல் தெற்கத்தி ஊழியர்களைவிட ஏழு மடங்கு ஜாஸ்தி என்று 1968-ல் 'கட்' என்ற பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். கல்லின் எண்ணிக்கை மட்டும்தான் வேறா, கல்லே வேறா என்பது அடுத்த கேள்வி. அதற்கு நம் பக்கத்திலேயே வேலை செய்திருக்கிறார்கள். சென்னையில் இரைப்பை குடல் மருத்துவர் வி. ஜெயந்தி பல வருஷம் இதை விடாமல் பிடித்திருந்தார். 1996-ல் சென்னை நகரத்துப் பித்தக்கல் நோய் பற்றி ஒரு கட்டுரை. 1998-ல் கோயமுத்தூர் சர்ஜன் சி. பழனிவேலு முதலானவர்களோடு சேர்ந்து, கோவை மாவட்டத்துக் கற்களில் என்னென்ன கலந்திருக்கிறது என்று இன்னொன்று. வடக்கே கொலஸ்ட்ரால் கல், தெற்கே நிறமிக் கல்லும் கலப்புக் கல்லும் என்ற சித்திரம் இப்படித்தான் உருவானது. நிறமிக் கல் என்பது பழைய சிவப்பணுக்கள் உடைந்து வருகிற பிலிரூபின் சுண்ணாம்போடு சேர்ந்து கட்டிப்போவது. கரடி மாத்திரை அதை ஒன்றும் செய்யாது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் என்னவென்றால், சர்ஜன் வெட்டி எடுத்துக் குப்பையில் போட வேண்டிய ஒரு சமாசாரத்தை ஒருத்தர் வாங்கிக்கொண்டு போய்ப் பொடி பண்ணிப் பார்த்திருக்கிறார். ஆராய்ச்சி என்றால் பெரிய மெஷின், வெள்ளைக் கோட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது கிட்டத்தட்ட எங்கள் அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்த வேலைதான். அம்மா பொடி பண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சர்ஜன் ரூமில் பேராசிரியர் ரங்கபாஷ்யத்தின் படம் மாட்டியிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை குடல் அறுவை சிகிச்சைக்குத் தனித் துறையை உண்டாக்கியவர். இந்தியாவிலேயே இந்தத் துறையைத் தொடங்கிவைத்த முன்னோடிகளில் ஒருவர். 2002-ல் பத்மபூஷண், 2013-ல் காலமானார். கல்லீரல், பித்தப்பை, கணையம் என்று இதையே வாழ்நாள் வேலையாகச் செய்கிற சர்ஜன்கள் இன்றைக்குச் சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள் என்றால் அதில் அவர் பங்கு பெரிசு. நம்ம சர்ஜன், "என் வாத்தியாருக்கு வாத்தியார்" என்றார். எங்கள் ஊர்ப் பாடகர்கள் பாட்டு வாத்தியாரைச் சொல்வது மாதிரியே சொன்னார்.

ஆபரேஷன் நாலு ஓட்டையில் முடிந்தது. இந்த ஓட்டை வைத்தியத்துக்கும் ஒரு சோகக்கதை உண்டு. பித்தப்பையை முதல் முதலாக வயிற்றைத் திறந்து எடுத்தவர் பெர்லினில் லாங்கன்பூக், 1882-ல். அதற்கு நூறு வருஷம் கழித்து, 1985 செப்டம்பரில் எரிக் மூஹே என்கிற இன்னொரு ஜெர்மன்காரர் திறக்காமலே குழாய் வழியாக எடுத்துக் காட்டினார். அடுத்த வருஷம் ஜெர்மன் சர்ஜன்கள் மாநாட்டில் போய்ச் சொன்னால் யாரும் மதிக்கவில்லை. ஒரு நோயாளி இறந்துபோனதில் அவர்மேல் கேஸ் வேறு (நிஜமான கேஸ், வயிற்றில் வருவது இல்லை). அதே சங்கம் 1992-ல் அவருக்கு விருது கொடுத்தது. அதற்குள் 1990-லேயே பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா இந்தியாவில் இதை ஆரம்பித்துவிட்டார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து ஓட வேண்டாம். ஸ்கேனில் கல் தெரிந்த எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது சத்தம் போடாமல் கடைசி வரைக்கும் கிடக்கும். அதைத் தொடாமல் விடுவதுதான் வழக்கம் என்று சர்ஜனே சொன்னார். அம்மாவின் கல் மூன்று தடவை கதவைத் தட்டியது. நாங்கள்தான் மோர் கொடுத்து அனுப்பினோம்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் கற்களைப் போட்டுக் கொடுத்தார்கள். கன்னங்கரேலென்று, முள்ளு முள்ளாக, உடைத்த மிளகு மாதிரி. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

பொங்கலுக்கு மாமா கரும்போடு வந்தார். பாவம், ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தவர் அவர்தான், டி.டி.கே. சாலை டிராஃபிக்கில் டூவீலரில். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, அந்த ஆயில் ஒரு ரவுண்டோட நிறுத்தினதுதான் தப்பாயிடுச்சோ" என்று ஆரம்பித்தார்.

அம்மா உள்ளே போய் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து அவர் முன்னாடி வைத்தாள். டப்பாவைத் திறந்து இரண்டு கறுப்புக் கல்லை அதில் போட்டாள்.

"பத்து நிமிஷம் பார்த்துண்டே இரு. காபி கலந்துண்டு வரேன்."

மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர்தான் ஆறியது.